பள்ளம் விழாத மெத்தை

எடை விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை. லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் அவருக்கு வேலை. வண்டி அதில் ஏறுவதற்கு முன்பே, டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பார். "பதினேழு டன்" என்பார். திரையில் பதினேழும் கொஞ்சமும் வரும். "பன்னெண்டுதான் சார், சத்தியமா" என்று சொல்லும் டிரைவரிடம், "சத்தியத்தை அங்கேயே இறக்கி வச்சிட்டு வண்டியை மேல ஏத்து" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மெத்தைக் கடையில் நின்றுகொண்டு, தன் எடை தொண்ணூறு கிலோ என்று சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்காவது கொஞ்சம் சோறு வேண்டும். இவர் வெறும் தட்டில் வைத்து மறைக்கப் பார்த்தார்.

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் டன். முகத்துக்கு நேரேயே "டன் அண்ணே" என்று கூப்பிடுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியைச் சாய்த்து அவர் கண்ணை மூடினால், சிமெண்ட் லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்று அடுத்தவனுக்குக் கேட்கும்படி சொல்வான். அவர் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார். கோபித்துக்கொண்டால் நாலு பேர் பேசுவதும் நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. வீட்டில் பேச ஆள் இல்லாதவர் வெளியில் கேலியைக்கூட வீணாக்க மாட்டார்.

பேரன் பிறந்தபோது மனைவி பையன் வீட்டுக்குப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினாள். மருமகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தை தவழ்ந்தான், நடந்தான், இப்போது முதுகில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். அந்த மூன்று மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

சண்டையா என்றால் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது செய்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை போன் வரும். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார். "பிரஷர் மாத்திரை?" "போட்டேன்." அதற்குள் பேரன் போனைப் பிடுங்கி, தன்னுடைய பொம்மை வண்டியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அதன் பிறகு மாடியில் அந்த இரண்டு அறைகளும், சொட்டும் குழாயும், யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும்தான். ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது என்று அவர் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஊரார் லாரியை எல்லாம் நிறுத்துப் போடுகிறவர், தன் வீட்டுப் பாத்திரத்தில் தினமும் அளவு தவறி மிச்சம் வைத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக அவள் வந்து இரண்டு ராத்திரி தங்கினாள். இரண்டாவது நாள் காலையில் அவர் விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கூடத்தில் தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்திருந்தாள்.

"அந்தப் பள்ளத்துல என்னால படுக்க முடியலங்க" என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "நீங்க ஒரு பக்கம் அழுத்துறீங்க. நான் உருண்டு உருண்டு உங்க முதுகுல வந்து முட்டுறேன். பாதி ராத்திரி வரைக்கும் கட்டில் ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். இன்னொரு ராத்திரி இதுல படுத்தா எனக்கு இடுப்பே போயிடும்."

அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லையே, படுக்க முடியாது என்றுதானே சொன்னாள்? அப்படியென்றால் குற்றவாளி மெத்தை. மெத்தையை மாற்றினால் அவள் வந்துவிடுவாள். பைத்தியக்காரத்தனமான கணக்குதான், ஆனால் தனியாக இருக்கிறவனுக்கு ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. அவருக்குத் தனிமை தாங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை.

முதலில் இருக்கிற மெத்தையையே சரி செய்யப் பார்த்தார். பள்ளத்தில் ஒரு கம்பளியை மடித்து வைத்தார். கம்பளியும் சேர்ந்து பள்ளமாயிற்று. தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டார். பள்ளம் அவள் பக்கம் போய், இப்போது அவர் மேட்டில் ஏறி, உருண்டு, பள்ளத்துக்கே வந்து சேர்ந்தார். அடியில் ஒரு பலகையைச் செருகினார். பலகை இரண்டாக உடைந்தது. அதன் பிறகுதான் கடைக்குப் போனார்.

மெத்தைக் கடை என்பது ஒரு வினோதமான இடம். பட்டப்பகலில், வெளிச்சத்தில், வரிசையாகப் போட்ட கட்டில்களில் முன்பின் தெரியாதவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கூரையைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எப்படி இருக்கு?" "கழுத்துக்கு நல்லா இருக்கு" என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லோரும் ஜோடியாக வந்திருந்தார்கள். இவர் மட்டும் தனியாக ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது.

"யாருக்கு சார் மெத்தை?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"ரெண்டு பேருக்கு. எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும்."

"உங்க எடை எவ்வளவு சார்? அதை வச்சுத்தான் மெத்தை பாக்கணும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு இளம் ஜோடி படுத்திருந்தது. அந்தப் பெண் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் வாயிலிருந்து தொண்ணூறு என்று வந்தது.

கடைக்காரப் பெண் ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். அமுங்கிப்போன டயரோடு வந்து நின்று பன்னிரண்டு டன் என்று சொல்லும் டிரைவரை அவர் பார்க்கிற அதே பார்வை. ஊருக்குத்தான் உபதேசம்.

"தொண்ணூறுன்னா இந்த நடுத்தர ரகம் போதும் சார்" என்றாள். "நூத்திப் பத்துக்கு மேலன்னா வேற ரகம், அது இன்னும் கெட்டியா இருக்கும்." உண்மையைச் சொல்ல ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இவர் நுழையவில்லை. "இதையே போடுங்க" என்றார்.

அந்த மெத்தை வந்தபோது பார்க்க லட்சணமாக இருந்தது. பத்து நாள் அதில் ராஜாவைப்போல் தூங்கினார். பிறகு ஒரு நாள் படுத்து எழுந்து பார்த்தபோது, விரிப்பில் ஒரு நிழல் தெரிந்தது. கதவு இடுக்கில் கிடந்த நீளமான மரச்சட்டத்தை எடுத்து வந்து மெத்தையின் குறுக்கே வைத்தார். சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே அவருடைய சுண்டுவிரல் போயிற்று. கொஞ்ச நாள் கழித்துக் கட்டைவிரல் போயிற்று. மெத்தை அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. நல்லவேளை, மூன்று மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மாற்ற வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை என்ன என்று முதலில் அவருக்கே தெரிய வேண்டும்.

இத்தனை வருடத்தில் அந்த மேடையில் ஏறாதது ஒன்று உண்டென்றால் அது அவர்தான். மணலும் சிமெண்டும் இரும்பும் மரமும் ஏறியிருக்கின்றன. ஒருமுறை ஒரு கிரேனே ஏறியது. அன்று மதியம், வண்டி எதுவும் இல்லாத நேரம் பார்த்து, அவர் தன் அறையை விட்டு இறங்கிப்போய் மேடையின் நடுவில் நின்றார். வெளியே கம்பத்தில் மாட்டியிருந்த பெரிய திரையில் சிவப்பு எண்கள் துடித்தன. லாரிக்கான மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணும். நூற்று முப்பது என்று காட்டியது. மூச்சு விட்டார். நூற்று நாற்பது என்று காட்டியது. மறுபடியும் நூற்று முப்பது. எந்தப் பக்கம் போவது என்று மேடைக்கே தெரியவில்லை. சரி, நடுவில் வைத்துக்கொள்வோம் என்று நூற்று முப்பத்தைந்தை ஒப்புக்கொண்டார்.

சிமெண்ட் லாரி டிரைவர் எப்போது வந்து நின்றான் என்று அவர் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணே, லோடு ஏத்தியாச்சா, இறக்கியாச்சா?"

"ரெண்டும் இல்லடா. வெறும் வண்டி."

"வெறும் வண்டியே இவ்வளவா! ஓவர்லோடு, ஃபைன் கட்டுங்க!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவரும் சிரித்தார். அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி கடைக்குப் போனபோது, கூட்டம் குறையும் வரை நாற்காலியில் காத்திருந்து, பிறகுதான் அந்தப் பெண்ணிடம் போனார்.

"போன தடவை எடையைக் கொஞ்சம் தப்பாச் சொல்லிட்டேம்மா."

"எவ்வளவு சார்?"

"நூத்தி முப்பத்தஞ்சு."

அவள் சிரிக்கவில்லை. "இங்க வர்றவங்க யாருமே சரியான எடையைச் சொல்றதில்ல சார். குண்டா இருக்கவங்க குறைச்சுச் சொல்வாங்க, ஒல்லியா இருக்கவங்க கூட்டிச் சொல்வாங்க. மெத்தைக்குத்தான் அது புரிய மாட்டேங்குது."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"உங்க முகத்தைப் பாத்தேன். சொன்னா வாங்காமலே போயிடுவீங்கன்னு தோணுச்சு. எப்படியும் திரும்பி வருவீங்கன்னும் தெரியும்."

அவள் அவரைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மெத்தைகளைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி வரிசையாக வைத்திருந்தார்கள். சாதாரண ஃபோம் துண்டை அவர் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "இப்ப இதை அழுத்துங்க" என்று வெள்ளையாக இருந்த இன்னொரு துண்டைக் காட்டினாள். ரப்பர் பாலிலிருந்து செய்த லேடக்ஸ். அழுத்தினார். விரலைத் தள்ளிக்கொண்டு உடனே எழும்பி வந்தது.

"இது மேல மூணு அங்குலம். கீழ ஸ்பிரிங். பாருங்க, ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பையில இருக்கு. ஒண்ணை அழுத்தினா பக்கத்துல இருக்கறது அசையாது. உங்களுக்குத் தடிமனான கம்பி போட்டது வேணும். ஓரமும் கெட்டியா இருக்கணும், இல்லேன்னா நீங்க எந்திரிக்கும்போது உக்கார்ற இடம் முதல்ல போயிடும். மேல மெத்துமெத்துனு இன்னொரு பஞ்சு அடுக்கு வச்சது எதையும் வாங்காதீங்க. படுக்கும்போது சுகமா இருக்கும், ஆறு மாசத்துல குழி விழுந்துடும்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "கட்டிலுக்கு நடுவுல கால் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"நாலு மூலையிலதான் இருக்கு."

"அது போதாது. நடுவுல ஒரு கால் வைக்கச் சொல்லுங்க. மெத்தையைத் தாங்குற கட்டைகளுக்கு நடுவுல நாலு விரலுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது. கட்டில் தொய்ஞ்சா எந்த மெத்தையும் தொய்ஞ்சிடும்."

அவர் எல்லாவற்றையும் ஆற அமரக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு நேரம் அவரிடம் ஒருவர் நின்று பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"மேடம் எடை எவ்வளவு சார்?"

அவர் தன் தோள் உயரத்துக்குக் கையைக் காட்டினார்.

"ஒல்லிதான்" என்றார்.

"ஒல்லின்னா, ஐம்பதா? எழுபதா?"

ஒரு மூட்டை சிமெண்டின் எடை தெரியும். ஈர மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முப்பது வருடம் கூட இருந்தவளின் எடை தெரியவில்லை. ஒரு நாளாவது தூக்கியிருந்தால்தானே தெரியும். "சாதாரணமா இருப்பா" என்று முடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் அவரைக் கட்டிலில் ஒரு பக்கம் படுக்கச் சொன்னாள். மறுபக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிற்க வைத்தாள். "இப்ப நல்லாப் புரளுங்க." அவர் தன் நூற்று முப்பத்தைந்து கிலோவோடு இடமும் வலமும் புரண்டார். பாட்டில் நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தீங்களா? நீங்க எவ்வளவு புரண்டாலும் மேடத்துக்குத் தெரியாது. அவங்க உருண்டு உங்க பக்கம் வரவும் மாட்டாங்க. அவங்க எடம் அவங்களுக்கு, உங்க எடம் உங்களுக்கு."

"எத்தனை வருஷம் வரும்?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டா, பத்து வருஷத்துக்கு மேல கவலையே இல்ல சார்."

அவர் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. விலை அவர் நினைத்ததைவிடக் கூடுதல்தான். பேரம் பேசவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு நடுவில் கால் வைத்தார், கட்டைகளை நெருக்கி அடித்தார். மெத்தையைத் தூக்கி வந்த இரண்டு பேரும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். "நாப்பத்தஞ்சு கிலோ இருக்கும்" என்றார் அவர். "நாப்பத்தாறுன்னு போட்டிருக்கு சார்" என்றான் ஒருவன், அசந்துபோய். புது ரப்பர் வாசனை போவதற்கு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தார். பிறகு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். ஒரு காகிதம்கூட நுழையாது.

அன்று அவரே போன் செய்தார். அவராகப் போன் செய்வது அபூர்வம் என்பதால் அவள் பதறிவிட்டாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"பள்ளம் போயிடுச்சு" என்றார்.

"எந்தப் பள்ளம்?"

"வந்து பாரு."

மருமகளுக்கு லீவு கிடைத்த சமயம், அவள் ஒரு வாரம் வந்தாள். வந்ததும் மெத்தையில் உட்கார்ந்து, கையால் தட்டிப் பார்த்து, குழந்தையைப்போல் ஒருமுறை எம்பிப் பார்த்தாள். அன்றிரவு படுத்தவுடன் தூங்கிவிட்டாள். அவர்தான் விழித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவள் புரண்டால் கட்டில் சொல்லும். பள்ளத்தில் உருண்டு வந்து அவள் முழங்கால் முதுகில் முட்டும்போது எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆள் இருக்கிறாள் என்று தெரியும். இப்போது பக்கத்தில் யாரும் இல்லாத மாதிரியே இருந்தது. இரண்டு தடவை தலையைத் திருப்பி, இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். இதற்குத்தானே இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது, குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

காலையில் வெயில் கட்டில் வரை வந்த பிறகுதான் அவள் எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. "இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? இடுப்பு வலின்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சுங்க" என்றாள். அவள் மகனுக்குப் போன் செய்து மெத்தையின் பெருமையை அளந்தாள். எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டி வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மேடையில் பொய் சொன்ன டிரைவர்களைக்கூட அவர் திட்டவில்லை. "அண்ணே, இன்னைக்கு என்ன, லோடு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டான் சிமெண்ட் லாரிக்காரன். பெட்டியிலிருந்து அவள் துணிகளை அலமாரிக்கு மாற்றச் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த மெத்தையை எங்க பாத்துப் புடிச்சீங்க?"

அவ்வளவுதான், அவர் ஆரம்பித்துவிட்டார். தொண்ணூறு கிலோ என்று சொன்ன கதை, மேடையில் ஏறி நின்ற கதை, துணிப் பையில் ஸ்பிரிங், மூன்று அங்குல லேடக்ஸ், தண்ணீர் பாட்டில், கட்டிலுக்கு நடுவில் கால் வரை சொன்னார். மெத்தையை அழுத்தி அழுத்திக் காட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இதே மாதிரி ஒண்ணு அங்க வாங்கிப் போட்டா நல்லா இருக்குங்க. சின்னதா, ஒரு ஆளுக்கு."

"அங்கன்னா?"

"பையன் வீட்டுலதான். அங்க நான் படுக்கறது பழைய சோபாதானே. நடுவுல கம்பி குத்துது."

"அப்ப இது?"

"இது உங்களுக்கு இருக்கட்டுமே."

அவர் மெத்தையை ஒருமுறை தடவினார். "நீ பள்ளம்னு சொன்னியே" என்றார்.

"ஆமா, சொன்னேன்."

"அதான் போயிடுச்சே."

மடித்துக்கொண்டிருந்த துணியோடு அவள் கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். மெல்லக் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் எதுவும் அசையவில்லை.

"அதுக்காகவா இதை வாங்கினீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் அங்க இருக்கறது மெத்தைக்காகவா? அங்க காலையில கண்ணு முழிச்சா ஆளாளுக்கு என்னைத் தேடுறாங்க. அந்தப் பொடியன் என் கையைப் பிடிக்காம தூங்க மாட்டேங்கறான். இங்க நீங்க வேலைக்குப் போயிட்டா குழாய் சொட்டுற சத்தம்தான். நீங்க வந்த பிறகும் அதே சத்தம்தான்."

"நான் என்ன பேசணும்?"

"இப்ப மெத்தையைப் பத்திப் பேசினீங்களே, அந்த மாதிரி ஏதாவது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எத்தனையோ தடவை எத்தனையோ சொன்னேன். எதுவும் உங்க காதுல ஏறல. பள்ளம்னு சொன்னேன், அது ஒண்ணுதான் ஏறுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்த காலம் எப்போதோ முடிந்திருந்தது.

போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவருக்கும் அது தெரிந்தது. எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை, இனிமேல் தினமும் ஏதாவது பேசுகிறேன் என்று சொல்ல நினைத்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு" என்றாள் அவள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் எடை மேடை. அவள் கிளம்பிய அன்று அவர் வேலையில் இருந்தார். காலையிலேயே சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். மதியத்துக்கு மேல் ஒரு டாக்சி சாலையிலிருந்து திரும்பி வந்து, விவரம் தெரியாமல், மேடையின் மேலேயே நின்றது. பழக்கதோஷத்தில் அவர் கண் திரைக்குப் போயிற்று. ஆயிரத்து முன்னூற்று இருபது. பின்கதவு திறந்தது. அவள் இறங்கினாள்.

"வீட்டுச் சாவி என் கைப்பைக்குள்ளயே வந்துடுச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே மேடையை விட்டுக் கீழே இறங்கி ஜன்னலுக்கு வந்தாள்.

திரையில் ஆயிரத்து இருநூற்று அறுபது.

சுமையோடு ஒருமுறை, சுமை இறங்கிய பிறகு ஒருமுறை. இரண்டையும் கழித்தால் வருவதுதான் சரக்கின் எடை. வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அதுதான். கணக்குப் போடாமலே விடை வந்து நின்றது. அறுபது கிலோ.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. மெலிஞ்சிட்டியோன்னு பாத்தேன்."

"இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுதா?" என்று சிரித்தபடி சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மாத்திரையை மறக்காதீங்க." அவள் திரும்பிப்போய் ஏறினாள். எண் பழையபடி ஏறியது. டாக்சி நகர்ந்தது. முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரம் இறங்கியது, திரை பூஜ்யத்துக்கு வந்தது. பின்னால் ஒரு மணல் லாரி ஹாரன் அடித்தது.

வார விடுமுறையில் அவர் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் தூரத்திலிருந்தே கையாட்டினாள்.

"மேடம் என்ன சார் சொன்னாங்க?"

"ரொம்ப நல்லாத் தூங்கினா. இன்னொண்ணு வேணுமாம். ஒரு ஆளுக்கு."

"அப்படிச் சொல்லுங்க! எடை?"

"அறுபது" என்றார், உடனே.

"சரியாத் தெரியுமா சார்?" போன அனுபவம் அவளை அப்படிக் கேட்க வைத்தது.

"மேடையில வச்சுப் பாத்தேன். அஞ்சு கிலோ முன்ன பின்ன இருக்கும்."

அவள் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், வெட்டி வைத்த துண்டுகளில் ஒன்றைக் காட்டினாள். "அறுபதுக்கு இந்த ரகம் போதும். லேசான ஆளு, தனியாப் படுக்கறாங்க. இருபது வருஷமானாலும் இதுல பள்ளமே விழாது சார்."

அவர் அந்தத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். விரலை எடுத்ததும் அது உடனே எழும்பி, யாரும் தொடாதது போல் ஆயிற்று.

"கொஞ்சம் சீக்கிரமாப் பள்ளம் விழற மாதிரி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நீங்க வேற சார்!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பையன் வீட்டு விலாசத்தைச் சொன்னார்.